ஒரு ‘நீ’யை அடித்தது யார்

மஞ்சக்குப்பம், கடலூர்
6-2-2007

அன்புள்ள லோகநாயகிக்கு,

உறுதியான செய்தி ஒன்றுதான் கையில் இருக்கிறது. நம் எழுத்துதவி அறையை மூடச் சொல்லிக் கல்லூரி முதல்வருக்கு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. சொன்னவர் அலுவலகத்துப் பொன்னுரங்கம். நேற்று மாலை போனில் சொன்னார்.

“ரெண்டு பக்கம் சார், ஒரு தப்பு கெடையாது. இவ்ளோ சுத்தமா எழுதற ஆளு நம்ம காலேஜ்ல யாருய்யான்னு முதல்வரே கேக்குறாரு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை உங்களிடமிருந்து அல்லாமல் பொன்னுரங்கத்திடமிருந்து கேட்டதில் எனக்குச் சின்ன வருத்தம். கண் அறுவைக்குப் பிறகு செவ்வாய், வெள்ளிகளில் நான் சிதம்பரம் பஸ் ஏறி மூன்று வாரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் கொண்டுவரும் விண்ணப்பங்களையும் கட்டுரைகளையும் நீங்கள் ஒருவரே பார்க்கிறீர்கள். எனக்குக் கடிதம் எழுத உங்களுக்கு நேரம் ஏது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கடிதத்தில் என்ன இருக்கிறது? வரி கோணாமல் இருக்க மனைவி ஆரோக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் கேட்கிறாள்.

அன்புடன்,
சார்லஸ்

*

சிதம்பரம்
9-2-2007

அன்புள்ள சார்,

போனில் பேசியிருப்பேன், பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதல்வர் கடிதத்தைக் காட்டினார். நம் அறை பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தரவில்லையாம். அவர்கள் எழுத்தைப் பிடுங்கிக்கொள்கிறதாம். ஒரு வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். “உள்ளே போகும் கடிதம் எழுதியவருடையது; வெளியே வருவது அங்கே உட்கார்ந்திருப்பவருடையது.”

சார், இரண்டு பக்கத்திலும் ஒரு ‘மேற்கொள்’ கூட இல்லை. ‘விசாரணை மேற்கொண்டார்கள்’ என்று எல்லோரும் எழுதும் இடத்தில் ‘விசாரித்தார்கள்’ என்று இருக்கிறது. இந்தக் கல்லூரியில் அந்தச் சொல்லைத் தேடித் தேடி அடிப்பவர் ஒருவர்தான். எழுதவே கை கூசுகிறது, நீங்களா?

என் தற்காலிக நியமனம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அறை இருந்தால்தான் அடுத்த ஆண்டு எனக்கு நாற்காலி. என் வீட்டுக்காரர் சொல்கிறார்: “அந்தாளுக்கு என்னா, பென்ஷன் வருது. போறப்ப உன்னையும் இழுத்து வுட்டுட்டுப் போறாரு.” நான் அப்படி நினைக்கவில்லை. எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை.

கண்ணில் சொட்டு மருந்து தவறாமல் விடுங்கள்.

லோகநாயகி

*

கடலூர்
13-2-2007

அன்புள்ள லோகநாயகிக்கு,

நான் இல்லை.

நீங்கள் குறித்து அனுப்பிய வாக்கியத்தை ஆரோக்கியம்மாளை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். நடுவில் அது என்ன புள்ளி என்று கேட்டேன். “மேல ஒரு புள்ளி, கீழ ஒரு கமா” என்றாள். அரைப்புள்ளி. முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் எழுதிய நான் அதை ஒரு தடவையும் போட்டதில்லை. எங்கள் ஆசிரியர் விடமாட்டார். நம் கல்லூரியில் அதைப் போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆக, பாதி என் கை மாதிரி, பாதி உங்கள் கை மாதிரி. எனக்குத் தலை சுற்றுகிறது.

நம் அறைக்கு எது வந்தாலும் பென்சிலில்தான் திருத்துகிறோம், பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். ஜனவரிப் பக்கங்களைப் பாருங்கள்.

சார்லஸ்

*

சிதம்பரம்
19-2-2007

அன்புள்ள சார்,

பார்த்தேன். ஜனவரி ஒன்பது, செவ்வாய்: வெண்மதி, வரலாறு இரண்டாம் ஆண்டு, ‘மனு, முதல் பக்கம்’, பார்த்தவர் நீங்கள். பதினொன்று, வியாழன்: அதே பெண், ‘இரண்டாம் பக்கம்’, பார்த்தவர் நான்.

கம்மாபுரத்துப் பெண், சார். எப்போதும் ஜன்னல் பக்கம் உட்காருவாள். அவள் வரைவில் ‘அந்த இடம்’ என்று மட்டும் இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்களைப் பற்றி என்று நினைத்தேன். பாராட்டி ‘நன்று’ என்று வேறு எழுதினேன். நீங்கள் ஓரத்தில் ‘எந்தத் தேதி? ஆதாரம் வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அவள் தேதியைச் சேர்த்துவிட்டாள். நவம்பர் பதினான்கு.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவே இல்லை.

“நாந்தான் மேடம்.”

“அதை எங்ககிட்டயே வந்து திருத்திக்கிட்டுப் போனியா?”

“தப்பு இருந்தா முதல்வர் படிக்கமாட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க?”

நவம்பர் பதினான்கில் மஸ்கட்டில் வேலை செய்யும் அவள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். ‘அப்பா, நீ எப்ப வருவ’ என்று எழுதியிருந்தாளாம். ‘நீங்கள் எப்போது வருவீர்கள்’ என்று இங்கே ஆகியிருக்கிறது. அவள் அதைப் பார்த்து நல்லபடியாகப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டாள்.

“எங்க வூட்ல அப்பாவ யாரு மேடம் நீங்கம்பாங்க? எவன் எழுதிக் குடுத்தான்னு அப்பா கேக்குது. போன் பண்ணா கட் பண்ணிடுது. பரீட்சையோட படிப்ப நிறுத்திட்டு வூட்ல இருன்னு சித்தப்பாகிட்ட சொல்லிடுச்சி.”

நவம்பர் பதினான்கும் செவ்வாய்க்கிழமை, அன்று நாம் இருவரும் இருந்தோம். பதிவேட்டில் ‘பார்த்தவர்’ என்ற கட்டம் காலி. யார் அது, சார்?

முதல்வர் மார்ச் இரண்டாம் தேதி குழுவைக் கூட்டுகிறார். எழுதியது யார் என்று சொன்னால், சொந்தக் கோபத்தில் எழுதியது என்று மனுவைத் தள்ளிவிடலாம், அறை தப்பும் என்கிறார். என்ன செய்யட்டும்?

லோகநாயகி

*

கடலூர்
23-2-2007

அன்புள்ள லோகநாயகிக்கு,

பெண்ணின் பெயரைச் சொல்லாதீர்கள்.

இன்று காலை முதல்வருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். அந்த ‘நீ’யை அடித்து ‘நீங்கள்’ போட்டது நான், இனி அறைக்கு வரமாட்டேன், தவறு என்னோடு போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவில்லை. நவம்பரிலேயே கண்ணில் புகை படிந்த மாதிரிதான் இருந்தது. என் அப்பாவை நானும் கடைசிவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். பிறகு ஏன் அடித்தேன்? அடித்தேனா? உறுதி செய்யாத வரி எதையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இது முதல் தடவை.

சார்லஸ்

*

சிதம்பரம்
28-2-2007

அன்புள்ள சார்,

உங்கள் கடிதம் முதல்வரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது; பொன்னுரங்கம் சொன்னார். “சார் ஏன் மேடம் இப்பிடிப் பண்ணாரு?” என்று என்னையே கேட்டார்.

நேற்று வெண்மதி அந்த நவம்பர் வரைவைக் கொண்டுவந்தாள். பத்திரமாக வைத்திருக்கிறாள். ‘நீ’யின் மேல் ஒரே நேர்க்கோடு, நீங்கள் அடிப்பது அப்படித்தான். மேலே ‘நீங்கள்’ என்ற எழுத்து. அதில் ‘ங்’ என்னுடையது. அடித்துவிட்டு நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று நான் நிரப்பியிருக்கிறேன். என்ன போட நினைத்து அடித்தீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நானும் முதல்வருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனுவில் இருப்பது உண்மை என்று. எழுதியது யார் என்று கேட்டால், திருத்தியது நாங்கள் இருவர் என்பேன். அதற்கு மேல் சொல்லமாட்டேன். வீட்டில் இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

குழு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. வெள்ளி உங்கள் நாள். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். உங்கள் நாற்காலியை நான் எடுக்கவில்லை.

வெண்மதி அப்பாவுக்கு மறுபடி எழுதியிருக்கிறாள். என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். நான் பென்சிலை எடுக்கவில்லை. ஒட்டும் முன் முதல் வரியை மட்டும் காட்டினாள். ‘அப்பா நீ என்மேல கோவமா இருக்கியா.’ இருபதாம் தேதி தபாலில் சேர்த்தோம். மஸ்கட் போய்ப் பதில் வர பதினெட்டு நாள் ஆகுமாம். மார்ச் பத்து வாக்கில் தெரியும்.

லோகநாயகி