காற்றுக்குக் காத்திருந்த மாதங்கள்

என் அன்பான மைதிலிக்கு,

அந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்று இருபத்துமூன்றுக்கு டொக்டர் போன் எடுத்துச் சொன்னார். நான் வேலையில் நின்றேன். உமக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம், காப்பாற்ற முடியவில்லையாம். "தாங்க் யூ" என்றேன். பிறகு, பாதியில் நின்ற வேலையை முடித்து, சேமித்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன்? உமக்கென்றால் விளங்கியிருக்குமோ?

இன்றைக்குப் புதன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீர் போய் முப்பத்தோராம் நாள். மண்டபத்துக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்கிறோம். தேவாரங்கள், நீர் சிரிக்கிற படம், இந்தக் கடிதத்துக்கு விட்டிருக்கிற ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் உம்முடைய வரைபடம் வரவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் போய், அங்கிருந்து சீனம்வரை போன அந்தக் காலத்துத் தமிழ் வணிகரின் கடல்வழி. நீர் நாலு வருசமாகத் தேடியது. கோடும் நாள் கணக்கும் என்னுடைய புரோகிராம் போட்டது.

டோர்செட் பார்க்கில் நம்முடைய வீட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நூலகத்திலிருந்து உமக்கு ஈமெயில் வருகிறது, புத்தகங்களைத் திருப்பச் சொல்லி. நான் உம்முடைய கணக்குக்குள் போய் ஒவ்வொன்றையும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை தரம் விடுவார்களோ தெரியாது.

இன்று காலை அச்சகத்திலிருந்து சரிபார்க்கப் பிரதி வந்தது. பெயர்கள் சரியா என்று பார்க்க உம்முடைய குறிப்புக் கொப்பியை எடுத்தேன். கடாரத்துக்கு நேரே உம்முடைய கையெழுத்து: 'இங்கே அஞ்சு மாசம். காத்துக்கு.' படத்தில் அந்த ஐந்து மாதம் இல்லை. ஒரு துறைமுகத்திலும் ஒரு நாள்கூட இல்லை. புரோகிராமில் காத்திருப்பு என்ற இடத்தில் நான் பூச்சியம் போட்டிருந்தேன். லொறிகள் போகிற பாதையைக் கம்பியூட்டரில் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். நின்றால் நட்டம்.

நீர் அப்பவே கேட்டீர்.

"ஏனப்பா, உங்கட கப்பல் ஒரு இடத்திலயும் நிக்காமல் ஓடுது? அவங்களுக்கு ஒண்டுக்குப் போக வராதா?"

"நிண்டால் நேரம் வீண்."

"போங்கோ, லொறிக்காரர்! சோளகக் காத்தில போனவன் வாடைக் காத்து கிளம்புமட்டும் திரும்பேலாது. அப்பிடி நிண்ட மாசங்களிலதான் கோயில் கட்டினவங்கள், அந்த ஊர்ப் பாஷை படிச்சவங்கள், கலியாணமும் முடிச்சவங்கள். ஓடேக்க கடல் மட்டும்தானே இருந்தது."

பிறகு திருத்துகிறேன் என்றேன். திருத்தவில்லை. நீர் போய்ப் பத்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன், மைதிலி. அன்றிலிருந்து எனக்கும் கடல் மட்டும்தான்.

வரைபடம் பிழை என்று உம்முடைய தங்கச்சிக்குச் சொன்னேன்.

"அத்தான், ஆர் உதை எண்ணிப் பாக்கப் போயினம்? விடுங்கோ."

"உம்மட அக்கா எண்ணிப் பாப்பா."

"ஓம். பாத்திட்டு உங்களைக் கிழி கிழியெண்டு கிழிப்பா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் அழுதாள். எனக்கு இன்னும் வரவில்லை.

அச்சகத்து அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, கடைசிப் பக்கம் பிழை. நாளைக்குக் காலமை தாறன்."

"தம்பி, இண்டைக்கு மெசினில ஏத்தாட்டி ஞாயிறுக்குக் கிடைக்குமெண்டு சொல்லமாட்டன். வந்த சனத்தை வெறுங்கையோட அனுப்பப் போறீரே?"

"அனுப்புவன், அண்ணை."

"படத்தை எடுத்துப்போட்டு அடிப்பமே?"

"வேண்டாம்."

உம்முடைய அம்மாவும் மாமாமாரும் போன் எடுத்தபடி இருக்கிறார்கள். முப்பத்தொன்றுக்கு மலர் இல்லாவிட்டால் சபையில் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? பிந்தினால், வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். போனால் இருக்கச் சொல்வார்கள், உம்மைப் பற்றிக் கதைப்பார்கள். இருந்து கேட்பேன்.

உம்முடைய பெயருக்குக் கீழே பிழையான படம் வராது, மைதிலி. இது சத்தியம். ஒவ்வொரு துறைமுகமாக, நீர் எழுதிய மாதங்களை ஒன்றும் விடாமல் போடுவேன். இப்போது கடாரத்தில் நிற்கிறேன். ஆரும் கூப்பிடாமல் இருக்கட்டும் என்று போனை நிறுத்திவிட்டேன்.

உம்முடைய மனுசன்,
செந்தூரன்