சித்திரையில் ஆடிக் காற்று

24 ஏப்ரல் 1961, திங்கள்

வெயில். பிறகு காற்று. காலையில் துணி உலர்த்தும்போது இலை அசையவில்லை. பதினொரு மணிக்கு மேல் பெங்களூர் மர்பி டவுன் மண் முழுக்க எங்கள் வீட்டுக்குள். ஆடியில் அடிக்க வேண்டிய காற்று சித்திரையிலேயே வந்து நிற்கிறது. வழக்கமாக இந்த மாதம் சாயங்காலம் இடித்து, அரைமணி பெய்து, ஓய்ந்துவிடும். இது பெய்யவும் இல்லை, ஓயவும் இல்லை.

பக்கத்து வீட்டு ரத்னம்மா, தன் தலைக்கு மேல் தகரம் படபடக்க, வாசலில் நின்றுகொண்டு "ஸ்வல்ப காளி, அஷ்டே" என்றாள். கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாமே ஸ்வல்பம். தகரம் பறந்து ஏரியில் விழுந்தாலும் ஸ்வல்பம் என்றுதான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பாக்கி:
– ஜாக்கெட் இன்னும் தையற்காரரிடம்
– பந்தல் (தெருவில் போட விடுவார்களா?)
– ஆம்பூரிலிருந்து அத்தை, சித்தப்பாக்கள். எங்கே படுக்க வைப்பது?
– எனக்கு லீவு. சூப்பர்வைசர் 'பார்க்கலாம்' என்கிறார்

மணிவண்ணன். எழுதிப் பார்த்தேன். கூச்சமாக இருக்கிறது. இனிமேல் ம.

26 ஏப்ரல், புதன்

காற்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், என் டிரங்க் போர்டில் எல்லா லைனிலும் கரகரப்பு. பேசுகிறவர்கள் கத்துகிறார்கள். நாம் இணைத்துவிட்டு விலகிவிட வேண்டும். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கேட்கலாம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மெட்ராஸ்: "காத்து அடிக்குதா? குடுத்து வெச்சவன்யா நீ. இங்க புழுங்கிச் சாவுறோம்."

வேலூர்: "மழை இல்லியா? வெறுங்காத்தா? அப்புறம் இன்னாத்துக்கு அது?" அசல் அப்பா குரல். அப்பாவின் ஆம்பூர் இருக்கிற அந்த ஜில்லாவில் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது.

அடுத்த போர்டு லில்லி மங்களூர்க்காரி. அவள் வீட்டில் மே மாதமே விறகும் கருவாடும் சேர்த்துவிடுவார்களாம். அப்புறம் மூன்று மாதம் மழையைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்களாம். இதைக் காற்று என்று சொன்னால் அவள் அம்மா சிரிப்பாராம்.

சாயங்காலம் என் போர்டிலேயே ம. பொது பூத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு. அவர் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போன் இருக்கிறது, கூப்பிட்டால் வருவார். நான் "நாகப்பட்டினம் லைன்ல இருக்கு, பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். குரல் தெரிந்திருக்கும். "தேங்க்ஸ்" சொல்வதற்குள் ஒரு நிமிஷம் தடுமாறினார். இங்கே காற்றாக இருக்கிறது, சால்வை எடுத்து வா என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கேட்டது: "எந்தப் பக்கத்துக் காத்து?" தெரியவில்லை என்றார் ம. "தெரிஞ்சு சொல்லு" என்றார் அம்மா. அதற்குள் ஒரு காலுக்குரிய மூன்று நிமிஷம் ஆனது, ஆனதும் நாங்கள் சொல்ல வேண்டும், சொன்னேன், வைத்துவிட்டார்கள்.

வீட்டில் வந்து சொல்லியிருக்கக்கூடாது. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "சம்பந்தியம்மா காத்துக்கே ஜாதகம் பாக்கறாங்க" என்றார். நானும்தான் சிரித்தேன்.

28 ஏப்ரல், வெள்ளி

காற்று இன்னும் பலம். அல்சூர்ப் பக்கம் ஒரு மரம் சாய்ந்ததாம். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கண்ணில் மண், பல்லில் மண், ரசத்தில் மண்.

பந்தல்காரர் ஞாயிறு பயமில்லை என்கிறார். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. ராகுகாலத்தைவிட இப்போது வானத்தைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். பயம். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து போய்விட்டது. 'ஊரார் பேச்செல்லாம் கேட்கிற வேலை' என்றார்கள் ஒரு வீட்டில். இன்னொரு வீட்டில் ராத்திரி ஒன்பது மணி டூட்டியைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்தார்கள். ம. மட்டும்தான், "லைன்ல தூரத்துக் குரல் எப்படிக் கேக்கும்? கிட்டக்க கேக்குமா?" என்று கேட்டார். வேலையை வேலையாகப் பார்த்தவர். எனக்கு இவர்தான் வேண்டும். கொட்டை எழுத்தில் எழுதலாம் போலிருக்கிறது.

அப்பா கற்பூரம் வாங்கி வைத்திருக்கிறார், நிச்சயத்துக்கு இல்லை, மழைக்கு. அவர் ஊர் வழக்கம்: கோடையில் மழை விழுந்தால் வீட்டிலிருக்கிற எல்லோரும் வெளியே இறங்கி நனைய வேண்டும், கற்பூரம் ஏற்றி ஆளுக்குக் கொஞ்சம் சர்க்கரை. சுபகாரியத்தன்று பெய்துவிட்டால் விருந்தாளி கொண்டுவந்த மழை என்பார்கள். முப்பது வருஷமாகப் பெங்களூரில் இருந்தும் இதை விடவில்லை.

30 ஏப்ரல், ஞாயிறு

சாயங்காலம். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எங்கே தவறியது என்று.

பத்து மணிக்கு வந்தார்கள். ம., அவர் அம்மா, சித்தப்பா, சித்தி. அந்த அம்மா ஒல்லி. புதுச் சால்வை. வந்தவுடன் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தார், பிறகுதான் என்னை. தட்டு மாற்றப்போவது சித்தப்பாவும் சித்தியும். கணவனை இழந்தவர் என்பதால் ம.வின் அம்மா உள்ளே ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பழம், வெற்றிலை, புடவை எல்லாம் தட்டில் வைத்தாகிவிட்டது. காற்று பிடித்தது. இதுவரை அடித்ததெல்லாம் விளையாட்டு. பந்தல் ஒரு பக்கம் பிய்ந்து ரத்னம்மா வீட்டுச் சுவரில். குத்துவிளக்கு இரண்டு முறை அணைந்தது. என் அம்மா என் தலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. அப்புறம் நேராக, கம்பிபோல, மழை. கூடவே ஆலங்கட்டி.

ஆம்பூர்க்காரர்கள் அத்தனை பேரும் வெளியே. அப்பா கற்பூரத்தைக் கொட்டாங்குச்சியில் ஏற்றிக்கொண்டு ஓடினார். "சம்பந்தியம்மா மழையோட வந்திருக்காங்க" என்று தெருவுக்கே அறிவித்தார். நானும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஓர் ஆலங்கட்டியை எடுத்து ம. கையில் வைத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

உள்ளே அவர் அம்மா, யாரும் வெளியே போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. என் அத்தைக்கு மட்டும் விழுந்திருக்கிறது. ஓரமாக உட்கார்ந்ததால் கூச்சப்படுகிறார், நம் வீட்டில் அப்படி ஒதுக்கிவைக்கக்கூடாது என்று அத்தைக்கு நல்லெண்ணம். கையைப் பிடித்து எழுப்பி, "வாங்க, நனைஞ்சா நல்லது" என்று வாசலுக்கு இழுத்துவிட்டாள். அந்த அம்மா நிலையைக் கட்டிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

நாங்கள் எல்லோரும் ஈரமாக நின்றோம். அப்பா கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ம.வின் சித்தப்பாதான் பேசினார். கத்தவில்லை. "எங்க அண்ணன் புயல்ல போனவரு. அதுக்குக் கற்பூரம் காட்டற வீட்டுல எங்களுக்கு ஒத்துவராது."

தட்டு மாற்றவில்லை. மழையிலேயே போனார்கள். ம. திரும்பிப் பார்க்கவில்லை, அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்ததால். அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

1 மே, திங்கள்

காற்று. லேசாக.

ஐம்பது பேருக்கு ஆக்கிய சாதம். தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். ரத்னம்மா வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

அப்பா மட்டும் விடவில்லை. மழைக்குச் சந்தோஷப்படாதவன் என்ன மனுஷன் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புயல் என்று முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்றார். சொன்னார்களே, எந்தப் பக்கத்துக் காற்று என்று கேட்டார்களே. நாம்தான் சிரித்தோம். இதை அவரிடம் சொல்லவில்லை. கோபமாக வந்தது, அவர் மேலும் என் மேலும்.

ஜாக்கெட் அளவு சரி. இப்போது என்னத்துக்கு.

2 மே, செவ்வாய்

காலை டூட்டி. இரண்டு லைன் அறுந்து கிடக்கிறது. லில்லி கேட்டாள், சொன்னேன். அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டாரா என்றாள். இல்லை, கண் டாக்டரிடம் காட்ட இருக்கிறார், சித்தப்பாவும் சித்தியும் மட்டும் போய்விட்டார்கள். ஜீவனஹள்ளியில் ம. அறையில். தகரக் கூரை அறை. ம. பகல் ஷிப்டு.

மூன்று மணிக்குக் காற்று பிடித்தது. நான் அப்போதுதான் வெளியே வந்தேன். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள் ஜீவனஹள்ளிக்கு நடந்தேன். வழியெல்லாம் புடவைத் தலைப்பு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த அம்மா கதவைக் கயிற்றால் உள்ளிருந்து கட்டியிருந்தார். அவிழ்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம்?"

"மேக்கேருந்து" என்றேன்.

தலையாட்டினார். உட்காரச் சொன்னார். அறை நடுவில் ஒரு மூட்டை: அரிசி, தீப்பெட்டி, மாற்றுத்துணி. பக்கத்தில் கூஜா நிறையத் தண்ணீர். மேலே தகரம் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

காற்று நின்றது. தெருவில் ஆட்கள் இறங்கும் சத்தம், விழுந்த மாங்காய்க்குப் பிள்ளைகளின் சண்டை. கதவைத் திறந்து கொஞ்சம் காற்றோட்டம் விடலாம் என்று எழுந்தேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம்.

"காத்து நின்னா எந்திரிக்காதம்மா. நின்னதுலதான் அவரு போனாரு. ராத்திரியெல்லாம் வடக்கேர்ந்து அடிச்சுது, உள்ளதான் இருந்தோம். பொசுக்குன்னு நின்னுச்சு. விட்டுருச்சுன்னு எங்க கடைக்கூரையைப் பாக்கப் போனாரு. பாதி வழி போயிருப்பாரு. தெக்கேர்ந்து திருப்பி அடிச்சுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்தபோது இவர் பயப்படவில்லை. நின்றபோதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வெளியே குதித்து, இவரையும் இழுத்தோம்.

உட்கார்ந்திருந்தோம். கையை விடவில்லை. தெற்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கழித்துத் தூறல், சாதாரணத் தூறல். அப்போதுதான் விட்டார்.

"இந்த ஊருக் காத்து திரும்பாதுன்னு மணி சொல்றான். இருக்கும். ஒடம்பு நம்பமாட்டேங்குதே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட்டார். சர்க்கரை அதிகம். நிச்சயத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ம. வருவதற்குள் கிளம்பிவிட்டேன். மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு.

4 மே, வியாழன்

காற்று குறைந்திருக்கிறது. கத்திரி பிறந்துவிட்டது என்கிறாள் அம்மா.

அப்பாவிடம் நேற்றுக் காலை எல்லாவற்றையும் சொன்னேன். ஜாதகம் என்று அவர் சிரித்ததையும் சேர்த்து. பிறகு, "நம்ம ஊருல மழை வராமத்தாம்மா ஆளுங்க செத்தாங்க. எனக்கு அது மட்டுந்தான் தெரியும்" என்றார். மிச்சக் கற்பூரத்தை மடித்துப் பரண் மேல் எறிந்தார்.

நேற்று ராத்திரி அந்த அம்மாவுக்கு ரயில். அப்பா மன்னிப்புக் கேட்கிறேன் என்று கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனார். பேசாமலே வந்துவிட்டார். தூணுக்குப் பின்னால் நின்று, வண்டி கிளம்பியதும் திரும்பிவிட்டாராம். மழைக்காகத் தெருவெல்லாம் கத்துகிற மனுஷன்.

ம.விடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். போகட்டும் என்று எழுதிவிட்டேன், போகவில்லை.

6 மே, சனி

காற்றில்லை. புழுக்கம். ரத்னம்மா இப்போது புழுக்கத்தை ஸ்வல்பம் என்கிறாள்.

மதிய டூட்டி. லைன்கள் சரியாகிவிட்டன. ஐந்து மணி சுமாருக்கு போர்டில் ம. குரல். "நாகப்பட்டினம் வேணும்." அவ்வளவுதான். நானும் "வெயிட் பண்ணுங்க" மட்டும்தான். சொல்லி முடித்துக்கொள்ளப்போகிறார்கள், அதையும் நானே இணைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் கடையில் எடுத்து அவர் அம்மாவை வரவழைத்தார்கள். ம.வுடன் சேர்ப்பதற்குள் கேட்டுவிட்டார்: "யாரு, ரேணுகாவா?"

பதில் சொல்லக்கூடாது. "ஆமா அத்தை" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்ததென்று தெரியாது.

"காத்து நின்னுருச்சா?"

"நேத்தே நின்னுடுச்சு."

"கொஞ்ச நாளைக்கு வெளிய சுத்தாத" என்றார்.

இணைத்துவிட்டேன். விலகவில்லை. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா. சித்தப்பாவைச் சரிக்கட்டிவிட்டதாக அந்த அம்மா சொன்னார். ரயிலடியில் தூணுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அப்பா நின்றதைத் தான் பார்த்ததாகவும், பாவமாக இருந்ததென்றும் சொன்னார். ம. என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"வர்ற மாசம் தட்டு மாத்திக்கலாம்னு சொல்லு. மழை வந்தா அவரு கற்பூரம் ஏத்தட்டும். நா உள்ளதான் இருப்பேன். என்னை யாரும் கூப்பிடக்கூடாது. காத்து நின்னா மட்டும் ரேணுகா எங்கிட்ட வந்து உக்காந்துக்கட்டும்."

லைனில் கரகரப்பு இல்லை, ம.வின் மூச்சுகூடக் கேட்டது.

மூன்று நிமிஷம் ஆனது. லில்லி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை.