ஹால் டிக்கெட்டில் இருக்கும் முகம்

அனுப்புநர்:
மாணவியின் தாய்மாமன்,
மோட்டார் காயில் கட்டும் கடை,
பேருந்துப் பணிமனை எதிர்ச்சந்து.

பெறுநர்:
உயர்திரு தேர்வுத் துறை அலுவலர் அவர்கள்,
வட்டாரத் தேர்வு அலுவலகம்.

பொருள்: ஆள்மாறாட்டம் என்று திருப்பி அனுப்பப்பட்ட என் அக்கா மகள், இப்போதுள்ள முகத்தோடு துணைத்தேர்வு எழுத அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு என் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஓடும் மோட்டார்களில் பாதி என் கை பட்டவை. தங்கள் அலுவலகத் தண்ணீர் மோட்டாரும் அதில் சேர்த்தி. அதைச் சொல்லிச் சலுகை கேட்க வரவில்லை.

1. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் கன்னம் இரண்டும் சிவந்தன. வெயில் என்றோம். விரல் மூட்டு வீங்கிப் பென்சில் பிடிக்க முடியாமல் போனது. எழுதச் சோம்பல் என்றோம். பெரிய ஆஸ்பத்திரியில்தான் லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை அடிக்கும் நோய். காவல்காரனே வீட்டை உடைப்பது போல என்று நான் விளக்கியதும் டாக்டரே அசந்துபோய், இனி எல்லோருக்கும் இதையே சொல்வதாகக் கூறினார்.

2. அது முழுதாகப் போவதும் இல்லை. ஒரு வருடம் அடங்கும். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவாள். அடுத்த வருடம் அதே படியில் நான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். முடி கொட்டும், முளைக்கும். கூடப் படித்த பெண்கள் வளர்ந்தார்கள். இவள் உயரம் நின்றுவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை கூடினால் முகம் உப்பும், குறைந்தால் வற்றும்.

3. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்தது நோய் அடங்கியிருந்த மாதத்தில். தேர்வுக்குள் நோய் மூண்டு, மாத்திரை கூடி, முகம் உருண்டையாகிவிட்டது. வாசலில் நின்ற கண்காணிப்பாளர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், யாருக்காக எழுத வந்தாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியும், "படத்துல இருக்கற மூஞ்சியோட வாம்மா" என்று சொல்லி, ஆள்மாறாட்டம் எனக் குறித்துத் திருப்பிவிட்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்களாம். நான் அங்கே இருந்திருந்தால் ஐம்பது பேரைத் திரட்டியிருப்பேன். இல்லாமல் போய்விட்டேன்.

4. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். துணைத்தேர்வுக்குள் படத்திலுள்ள முகத்தைக் கொண்டுவர, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். ஒருநாள் அவள் மேசை விசிறி ஓடவில்லை என்று கழற்றினேன். சுவிட்ச் இடுக்கில் ஒரு மாத்திரை சிக்கியிருந்தது. அடித்தட்டு நிறைய மீதி. விசிறிக்குள் பல்லி, கரப்பான், ஒருமுறை தங்க மோதிரம்கூடப் பார்த்தவன் நான். அன்றுதான் என் கையிலிருந்து ஸ்குரூ நழுவி விழுந்தது.

5. முகம் வற்றவில்லை ஐயா. நோய் சிறுநீரகத்தைப் பிடித்து, காலும் முகமும் நீர் கோத்து, முன்னைவிட உப்பிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நர்ஸ் கொடுக்கும் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். முழுங்கச் சொன்னால், "இதைப் போட்டா உள்ள விடமாட்டாங்க மாமா" என்கிறாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான், வாசலுக்கு வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

6. ஆகவே, அந்தக் கண்காணிப்பாளர் மேல் நடவடிக்கை கேட்கவில்லை. கூடுதல் மதிப்பெண்ணும் வேண்டாம். ஆள்மாறாட்டம் என்ற குறிப்பை நீக்கி, எந்த முகத்தோடு வந்தாலும் இவளை உள்ளே விட வேண்டும் என்று ஒரு வரி எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டுகிறேன். தேர்வு நாள்வரை காத்திராமல் இன்றே வேண்டும். வாங்கிக்கொள்ள நானே வருகிறேன். விடுவார்கள் என்று நான் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. மாமா எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தங்கள் கையெழுத்தை நம்புவாள். நம்பினால் முழுங்குவாள்.

இணைப்பு: புகைப்படங்கள் நான்கு. நான்கிலும் இருப்பது ஒருத்திதான்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தாய்மாமன்

இடம்: ஆஸ்பத்திரி, பெண்கள் பிரிவு வாசல்
நாள்: திங்கட்கிழமை, காலை மாத்திரைக்கு முன்