சர்வரை எந்த நாட்டில் வைப்பது

நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகம். மானம்தான் கொஞ்சம் போய்விட்டது.

என் தச்சு வேலைப் படங்களைப் போட வெப்சைட் தொடங்குகிறேன் என்றேனே, அதற்கு ஹோஸ்டிங் என்று இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டுமாம். ஏதோ பெட்டி வரும் என்று கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பையெல்லாம் ஒதுக்கி வைத்தேன். கூடத் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன், "அண்ணே, அது கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்லயே இருக்கும்ணே" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அவனே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தான். நல்லவேளை, இந்த நாட்டிலும் தமிழ் பேசுகிற பெண். "சர்வர், அதான் உங்க படமெல்லாம் இருக்கப் போற கம்ப்யூட்டர், எந்த நாட்டுல வேணும் சார்? பார்க்கிறவங்களுக்குப் பக்கத்துல இருந்தா சீக்கிரம் திறக்கும்" என்றாள்.

"எங்க ஊர்ப் பக்கமே வச்சிடும்மா."

"நீங்க வேலை செய்யறது இங்கதானே? கஸ்டமரும் இங்கதானே இருப்பாங்க?"

"பரவாயில்லைம்மா, அங்கேயே இருக்கட்டும்."

இன்னும் இரண்டு வருடத்துக்கு என்று மேஸ்திரி நீட்டிய ஒப்பந்தத் தாள் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நம் சமையலறைக்கு நான் செய்த அலமாரியைப் படமெடுத்து அனுப்பு, வெப்சைட்டில் போட. உயரம் தெரிய வேண்டும், நீ பக்கத்தில் நில். பாப்பாவும் நிற்கட்டும், அகலம் தெரியும்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒன்றை மட்டும் அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை, மேஸ்திரியிடமும் இன்னும் வாய் திறக்கவில்லை: நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, வீட்டுக்கு வருகிறேன்.