துண்டு போட்ட இடம்

1979 ஜூன் 4, திங்கள்

இன்றும் காந்தா, எனக்கு முந்தைய நிறுத்தமான செவிலிமேட்டிலேயே வந்தவாசி பஸ்ஸில் ஏறி எனக்குத் துண்டு போட்டு வைத்திருந்தாள். மெட்ராஸ் வரை பம்பாய்ப் பயிற்சிப் பேச்சுதான். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருத்தரைத்தான் அனுப்புவார்களாம். நல்ல புரோகிராம் எழுதிக் காட்டுபவரை. "யார் போனா இன்னாபா, நாம வேற வேறயா?" என்றாள்.

ஜூன் 9

அப்பா நெய்த புடவையின் மயில் கரையைப் பார்த்து, அதை எண்களாக மாற்றி அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். சி மொழியில் என் முதல் பெரிய வேலை. ஒரு சின்ன மயிலை ஓட்டினேன் — அழகு! சரிபார்க்கக் காந்தாவிடம் கொடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்தே என் கணக்கைத் திருத்துகிறவள் அவள்தானே.

ஜூன் 12

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுபா" என்றாள் காந்தா.

ஜூன் 14

மானம் போச்சு. மேலாளர் கலியாணசுந்தரம் சார் முன்னால் முழுக் கரையையும் ஓட்டினேன். பாதி மயில், அப்புறம் வெறும் குப்பை, அப்புறம் மிஷினே நின்றுவிட்டது. அடுத்து காந்தா தன்னுடையதை ஓட்டினாள். கரை முழுசாக வந்தது.

ஜூன் 15

தப்பு தெரிந்துவிட்டது. நானூறு எண்களுக்கு மிஷினின் நினைவகத்தில் நானூறு பைட் இடம்தான் கேட்டிருக்கிறேன். இந்த மிஷினில் எண் ஒன்றுக்கு இரண்டு பைட் வேண்டும். கிடைத்த முகவரியை எண்களுக்கான பாயிண்டராகக் காஸ்ட் செய்தால், அதாவது 'இது எண்கள் இருக்கும் முகவரி' என்று வகையை மாற்றிச் சொன்னால், போதும் என்று நினைத்தேனே, மடச்சி! காஸ்ட் செய்தால் இடம் பெருகுமா? ஒரு சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு ரெண்டு பேர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் மடியில்தான் விழணும். சின்ன மயிலுக்கு அந்த இடமே போதுமாக இருந்திருக்கிறது.

ஜூன் 16

பிரிண்டர் பக்கத்தில் காந்தாவின் தாள்கள் கிடந்தன. அத்தனை வரியும் என்னுடையது. பாயிண்டருக்கு விளையாட்டாக 'கிளி' என்று பெயர் வைத்திருந்தேன், அதுகூட அப்படியே. இடம் கேட்கும் வரியில் மட்டும் இரண்டால் பெருக்கியிருக்கிறாள்.

அப்போ பாத்திருக்கா. பாத்து, தன்னோடதுல திருத்திக்கினு, என்கிட்ட சரியா இருக்குதுன்னு சொல்லியிருக்கா! பாவி! தப்பு என்னோடதுதான். ஆனா ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?

கேட்டேன். "உனக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 20

பம்பாய்க்குக் காந்தா.

ஜூன் 21

பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரம் துண்டு. "வா கலா, இடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

துண்டை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தேன். எனக்குப் பின்னால் பூக்கூடையோடு ஏறிய ஒரு பூக்கார அம்மாவிடம், "உக்காரும்மா, இடம் இருக்குது" என்றேன்.

வழியில் எத்தனையோ சீட் காலியானது. மெட்ராஸ் வரை நின்றுகொண்டே போனேன்.