தானாக மாறிய சொல்

இன்று காலை எழுந்ததும் மடிக்கணினியைத்தான் திறந்தேன். தேநீர்கூடப் போடவில்லை. சிரம்பானில் ஒரு குழு நம் நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போகிறது. பழைய கோப்பு அவர்களிடம் திறக்கவில்லையாம். "அக்கா, எந்த சாப்ட்வேர் நல்லதுன்னு நீங்களே பாத்து அதுல மாத்திக் குடுங்க லா" என்று இயக்குநர் பெண் கேட்டிருந்தாள். நாடகமும் திரைக்கதையும் எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருள் மூன்றை இறக்கினேன். முதலாவதில் தமிழ் எழுத்தின் கொம்புகள் இடம் மாறி விழுந்தன. மற்ற இரண்டும் ஒழுங்காகத் திறந்தன.

இப்படி ஒன்றை நான் முதலில் வாங்கியபோது நீ சிரித்தாய். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, மோட்டார் சைக்கிளில் நேரே என் வீட்டுக்கு வருவாய். நோட்டிலிருந்து நீ வாசிக்க, நான் தட்டுவேன். முதலெழுத்தைத் தட்டினாலே, தோட்டத்துக் கங்காணிப் பாத்திரத்தின் பெயர் 'மண்டோர்' என்று முழுதாக வந்து நிற்கும். "கூப்புடறதுக்கு முன்னாடியே ஓடியாறான் பாரு. நெசத்துல எந்த மண்டோர்டி இப்படி வருவான்?" என்பாய்.

கதை உன் அம்மாவுடையது. கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் பிள்ளை இறந்த காலையில், பால் எடுக்க மரம் வெட்ட வர முடியாது என்று அவர் மண்டோரிடம் கெஞ்சியது.

பிரதியை ஒத்திகைக்கு அனுப்புமுன் உன்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். பார்க்க வருகிறவர்கள் படித்தவர்கள் என்ற நினைப்பு எனக்கு. வசனத்திலிருந்த "மண்டோர்" அத்தனையும் ஒரே தட்டலில் "மேற்பார்வையாளர்" ஆயின. ஷிப்ட் இருந்ததால் நீ ஒத்திகைக்கு வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

மேடையில் நடிகை, "மேற்பார்வையாளர், எம்புள்ள கண்ணு தொறக்கல" என்று அழுதாள். பின்வரிசையில் ஒருவன், "இந்த அம்மா டிவியில நியூஸ் வாசிச்சவங்க லா" என்றான். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த உன் அம்மா, எதற்கென்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தார்.

நாடகம் முடிந்து கேட்டவர்களிடமெல்லாம் சாப்ட்வேர் தானாக மாற்றிவிட்டது என்றேன். நம்பினார்கள். நீ ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"சாப்ட்வேருக்கு எங்கம்மாவத் தெரியாது. ஒனக்குத் தெரியும்" என்றாய்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நான் தட்டலன்னா ஒன் நோட்டு வெறும் ஒப்பாரி" என்றேன்.

அதன்பின் நீ வரவில்லை. அடுத்த ஆண்டு, லோரி உன் மோட்டாரை இடித்த செய்திதான் வந்தது. சாவு வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மிஷினு செஞ்சதுக்கு எம்மவ ஒன்னப் போயி கோவிச்சிக்கிட்டாளே. மனசுல வச்சிக்காதம்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன். உன்னை நினைக்கும்போதெல்லாம் உன் முகத்துக்கு முன்னால் அந்தத் தலையாட்டல்தான் வருகிறது.

இன்று திறந்த இரண்டில் ஒன்று, பழைய திருத்தங்களையெல்லாம் துடைத்துவிட்டுச் சுத்தப் பிரதி தருகிறது. மற்றது எதையும் விடுவதில்லை. "மேற்பார்வையாளர்" வரும் ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் நீலக் குறி, அடிக்கப்பட்ட உன் சொல், அடித்தவளின் பெயர். பதினேழு இடத்தில் என் பெயர்.

முதல் ஒத்திகைக்கு உன் அம்மாவையும் அழைத்திருக்கிறார்களாம். எந்த மென்பொருள் என்று இயக்குநர் பெண் மறுபடி கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். குறிகளை மறைக்காமல் எதையும் விடாத அந்தப் பிரதியைத்தான் அனுப்பப் போகிறேன். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டட்டும்.