அண்ணன் கொண்டுவந்த காது மிஷின்

புரட்டாசி, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போனது. வேங்கிக்கால் ஆபீசில் ஃபேன் ரிப்பேர்.

வாங்க: ரவை, காபித்தூள், கொசுவர்த்தி, பாய் ஒன்று. வியாழன் பௌர்ணமி. கிரிவலத்துக்குச் சென்னையிலிருந்து அண்ணன், அண்ணி, அண்ணியின் அம்மா, இன்னும் யார் யாரோ. மாதாமாதம் இதே கூத்து. இந்த ஊரில் வீடு வைத்திருந்தால் அது வீடில்லை, லாட்ஜ்.

சாயங்காலம் அம்மாவிடம் 'சாப்ட்டியா' என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருநாய் திரும்பிப் பார்த்தது. அம்மா பார்க்கவில்லை. காது மிஷின் எங்கே? பீரோவில், புடவைக்கு அடியில், மஞ்சள் பையில் பத்திரமாக.

"எம்புள்ள வாங்கியாந்தது. டெய்லி போட்டா தேஞ்சி பூடும். அவன் வரும்போது போட்டுக்கிறேன்."

வாங்கியது நான். லீவு போட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போய் டெஸ்ட் எடுத்ததும் நான். தயாரானதும் கடையிலிருந்து எடுத்து, போன பௌர்ணமிக்கு வரும்போது கையில் கொண்டுவந்தது மட்டும் அண்ணன். டப்பா அவன் கையில் இருந்ததா, அவன் வாங்கியதாகிவிட்டது. அவனும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். மிஷின் அதற்குள் பீரோவுக்குப் போயிருந்தது.

செவ்வாய்

தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா: "பரவால்லடி செல்வி, உங்கண்ணன் அம்மாவ எப்டி பாத்துக்கிறாரு! இந்தக் காலத்துல யாரு செய்றாங்க?"

குளிப்பாட்ட நான், மாத்திரைக்கு நான், ராத்திரி கால் பிடித்துவிட நான். பேர் அவனுக்கு.

முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை எல்லார் எதிரிலும் போட்டு உடைக்கிறேன். அன்றைக்கு அம்மா மிஷின் வேறு போட்டிருப்பாள். நன்றாகக் கேட்கட்டும்.

புதன்

ராத்திரி நல்ல மழை. கொடியில் போட்ட துணியெல்லாம் நனைந்தது. பாய் வாங்க மறந்தேன். சொல்ல வேண்டியதை மாவு கரைக்கும்போது ஒத்திகை பார்த்ததில் உப்பு இரண்டு தரம். அதுவும் அண்ணன் கணக்கில்.

வியாழன்

அரை நாள் லீவு. மூன்று மணிக்கு வந்து இறங்கினார்கள். அம்மா புதுப் புடவை, காதில் மிஷின், முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணியின் அம்மாவிடம், "எம்புள்ள புண்ணியத்துல இப்ப எல்லாம் கேக்குது சம்பந்தி. தெருவுல பூக்காரி போறா பாருங்க, அதுகூட."

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி செல்வி, அண்ணன்தான வாங்கியாந்தான்? நீயே சொல்லு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் நாக்கு நுனியில். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதைப் பிடுங்கி நான் எங்கே வைத்துக்கொள்ள?

"ஆமாம்மா. அண்ணன்தான்."

அப்பாடா என்றிருந்தது. நியாயம் இல்லைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாரும் கிரிவலத்துக்குக் கிளம்பும்போது அண்ணன் மட்டும் அடுப்படிக்கு வந்தான். "செல்வி... அம்மாவா அப்டி நெனச்சிக்கினாங்க. எனக்கு எப்டி சொல்றதுன்னு..."

"விடுண்ணா. எனக்கு ஒண்ணு செய். தெனமும் போட்டுக்கச் சொல்லிட்டுப் போ. நீ சொன்னாத்தான் கேக்கும்."

வெள்ளி

விடிந்துதான் திரும்பினார்கள். செருப்பில்லாமல் சுற்றியதில் அண்ணிக்குக் கால் கொப்புளம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "அடுத்த மாசம் சந்தேகம்தான்" என்றாள். பார்ப்போம்.

போகும்போது அண்ணன் அம்மாவிடம், "தெனமும் போட்டுக்கம்மா. செல்வி கத்திக் கத்தி தொண்ட போவுது பாரு." என் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

சனி

வெயில். பாய்கள் காயப்போட்டேன். பழக்க தோஷத்தில் அடுப்படியிலிருந்து, "அம்மா, காபி!" என்று ஒரு கத்தல்.

காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாத்துக்குடி இப்டி கத்துற? மெதுவா சொல்லு. கேக்குது."

இந்த வீட்டில் மெதுவாகப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று! பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காபிம்மா" என்றேன்.